இதயத்தின் முழங்கால்: மனாசேயின் மன்றாட்டு பற்றி ஒரு கேள்வி

#1 ஏட்டுப்புழு

ஒரு சின்ன மொழிபெயர்ப்புச் சிக்கலோடு வந்திருக்கிறேன். மனாசேயின் மன்றாட்டு என்று ஒரு பழைய செபம் இருக்கிறது. மொத்தம் 15 வசனம்தான், ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். கிரேக்க மூலத்தை அகராதியும் கையுமாக வரி வரியாகத் தமிழில் கொண்டுவந்து பார்க்கிறேன். அச்சுக்கு இல்லை, சொந்தப் பயிற்சிக்கு.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மனாசே யூதாவின் அரசன், எசேக்கியாவின் மகன். 12 வயதில் பட்டத்துக்கு வந்து 55 ஆண்டு ஆண்டான். அப்பா இடித்த வழிபாட்டு மேடைகளையெல்லாம் திரும்பக் கட்டினான். பாகால் தெய்வத்துக்குப் பலிபீடம், வானத்துச் சேனைகளுக்கு (சூரியன், சந்திரன், விண்மீன்களுக்கு) வழிபாடு, ஆலயத்துக்குள்ளேயே சிலை. இன்னோம் பள்ளத்தாக்கில் சொந்தப் பிள்ளைகளைத் தீயில் நடக்கப்பண்ணினான். பிறகு அசீரியப் படைத்தலைவர்கள் அவனைப் பிடித்து வெண்கலச் சங்கிலியால் கட்டிப் பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவன் தன்னைத் தாழ்த்திக் கெஞ்ச, கடவுள் கேட்டருளி எருசலேமுக்கே திரும்பக் கொண்டுவந்தார். இது 2 நாளாகமம் 33. திருவிவிலியம் வைத்திருப்பவர்கள் 2 குறிப்பேடு என்று தேடுங்கள். கெஞ்சினான் என்று அங்கே இருக்கிறதே தவிர, என்ன சொல்லிக் கெஞ்சினான் என்று இல்லை. அந்த இடத்தைத்தான் இந்தச் செபம் நிரப்புகிறது.

இதுவரை ஓரளவு தேறிய வரிகள்:

"கடலை உம் கட்டளைச் சொல்லால் விலங்கிட்டவரே, பாதாளத்தை மூடி, அச்சமும் மாட்சியும் நிறைந்த உம் பெயரால் முத்திரையிட்டவரே..."

"கடல் மணலிலும் அதிகம் என் பாவங்கள். அண்ணாந்து வானத்தின் உயரத்தைப் பார்க்க எனக்குத் தகுதி இல்லை."

மாட்டிக்கொண்டது 11ஆம் வசனத்தில். சொல்லுக்குச் சொல் வைத்தால், "இப்போது உம் பரிவை வேண்டி, இதயத்தின் முழங்காலை மடக்குகிறேன்." தமிழில் இதயத்துக்கு முழங்கால் வைத்தால் சிரிப்பார்களா? "உள்ளம் உருகி மன்றாடுகிறேன்" என்று மழுப்பிவிடலாமா?

இன்னொரு கேள்வி. இது ஏன் என் வேதாகமத்தில் இல்லை?

#2 மெழுகுத்திரி

மழுப்பாதீர்கள். "உள்ளம் உருகி" என்று எழுதினால் ஆயிரம் செபங்களில் ஒன்றாகிவிடும். நெஞ்சுக்குக் கண் உண்டு, காது உண்டு என்று பாடிய மொழிக்கு முழங்கால் மட்டும் வைக்க முடியாதா?

முழங்கால், முழந்தாள் இரண்டில் எது என்பது நீங்கள் எந்தக் கோயிலில் வளர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. எங்கள் வீட்டில் முழந்தாள்படியிடுவதுதான். மண்டியிடுதல் வேண்டாம், அது தோற்ற படைவீரனை நினைவூட்டுகிறது. யோசித்தால், அவன் தோற்றவன்தானே! சரி, அதையும் பட்டியலில் வையுங்கள்.

#3 பரண்மேல்பெட்டி

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் நீளும்.

இந்தச் செபம் எபிரேய வேதத்தில் இல்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் நாளாகமத்தோடு ஒட்டி வராது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அலெக்சாந்திரியக் கையெழுத்துப் படியில் (இன்று லண்டனில் இருக்கிறது) சங்கீதங்களுக்குப் பின்னால் 14 பாடல்கள் கொண்ட ஒரு தொகுப்பு வருகிறது. மோசேயின் பாட்டு, அன்னாளின் பாட்டு, மரியாளின் பாட்டு இவற்றோடு மனாசேயும் அங்கே உட்கார்ந்திருக்கிறான். அதாவது வரலாற்றுப் பகுதியாக இல்லை, வழிபாட்டில் ஓதும் பாட்டாகத்தான் கைமாறி வந்தது.

வேதாகமத்தை லத்தீனில் கொண்டுவந்த ஜெரோம் இதை மொழிபெயர்க்கவில்லை. இருந்தும் இடைக்கால லத்தீன் வேதாகமப் படிகளில் 2 நாளாகமத்தின் வாலில் வந்து ஒட்டிக்கொண்டது. 1546இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் வேதாகம நூல் வரிசையை அறுதியிட்டபோது இதைச் சேர்க்கவில்லை. ஆனால் 1592இல் திருத்தந்தை எட்டாம் கிளமெந்து வெளியிட்ட லத்தீன் பதிப்பில் எஸ்ராவின் பெயரிலுள்ள வேறு இரண்டு நூல்களோடு பின்னிணைப்பாகப் போட்டார்கள், அடியோடு அழிந்துபோகக் கூடாது என்று காரணம் சொல்லி. இந்த முறையில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை பாருங்கள்: வீட்டுக்குள் அறை கிடையாது, திண்ணையில் படுத்துக்கொள்.

லூத்தரின் 1534 ஜெர்மன் வேதாகமத்தில் தள்ளுபடி ஆகமங்களின் (வேதத்துக்குச் சமமாக எண்ணாமல் தனியே வைத்த நூல்களின்) கடைசியில் வருகிறது. 1560இன் ஜெனீவா வேதாகமம் 2 நாளாகமத்துக்கு அடுத்தே வைத்தது. 1611இன் ஜேம்ஸ் மன்னர் பதிப்பிலும் தள்ளுபடி ஆகமங்களில் உண்டு. பிற்காலத்தில் அந்தப் பகுதியையே விட்டுவிட்டு அச்சடிக்கும் வழக்கம் வந்ததால் உங்கள் கையில் இருப்பதில் காணோம்.

கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள்தாம் இதை உயிரோடு வைத்திருப்பவை. பெரிய நோன்புக் கால இராச்செபத்தில் 51ஆம் சங்கீதம், 102ஆம் சங்கீதம், அடுத்து இது. அவர்கள் கணக்கில் அவை 50, 101.

#4 கறார்க்காரன்

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் இது வேதத்தில் இல்லாததற்குக் காரணம் அச்சகம் இல்லை, உள்ளே இருக்கும் சரக்கு. 8ஆம் வசனத்தைப் படித்தீர்களா? நீதிமான்களான ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு உமக்கு விரோதமாகப் பாவம் செய்யவில்லை, அவர்களுக்காக நீர் மனந்திரும்புதலை ஏற்படுத்தவில்லை, பாவியான எனக்காகவே ஏற்படுத்தினீர் என்கிறது.

ஆபிரகாம் மனைவியைத் தங்கை என்று சொல்லவில்லையா, அதுவும் இரண்டு முறை? யாக்கோபு கண் தெரியாத தகப்பனை ஏமாற்றவில்லையா? எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று ரோமர் 3:23 சொல்லும்போது இது எப்படிச் சரியாகும்? யாரோ பிற்காலத்தில் எழுதி மனாசேயின் தலையில் கட்டிவிட்டார்கள்.

#5 பரண்மேல்பெட்டி

பிரதர், பிற்காலத்தில் எழுதியது என்பதில் உங்களோடு சண்டையே இல்லை. மனாசே கி.மு. ஏழாம் நூற்றாண்டுக்காரன். செபமோ அவனுக்கு வெகு பின்னால், கிறிஸ்துவுக்குச் சற்று முன்னோ பின்னோ எழுதப்பட்டது என்பதுதான் பொதுவான கருத்து. எழுதியவர் யூதரா கிறிஸ்தவரா, முதலில் கிரேக்கமா எபிரேயமா என்பதிலெல்லாம் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு.

இதற்குத் தூண்டில் போட்டதே நாளாகமம்தான். 33:18, 19 பாருங்கள். அவன் செய்த விண்ணப்பம் இன்ன ஏடுகளில் எழுதியிருக்கிறது என்று சொல்கிறது. அந்த ஏடுகள் தொலைந்துபோயின. அப்படி ஒரு வரி இருந்தால் பக்தன் சும்மா இருப்பானா? சாக்கடல் அருகே குகைகளில் கிடைத்த சுருள்களில் ஒன்றில், அசீரிய அரசன் சிறைவைத்தபோது யூதாவின் அரசன் மனாசே செய்த செபம் என்று தலைப்பிட்ட எபிரேயத் துண்டு ஒன்றும் இருக்கிறது. அது முற்றிலும் வேறு செபம். ஒரே இடைவெளியை இரண்டு பேர், ஒருவரை ஒருவர் அறியாமல், நிரப்பியிருக்கிறார்கள்.

8ஆம் வசனத்தை நான் இறையியல் வாக்குமூலமாகப் படிப்பதில்லை. குற்ற உணர்வில் நொந்தவன் அப்படித்தான் பேசுவான். உலகமே யோக்கியம், நான் ஒருத்தன்தான் கெட்டவன் என்பான். கணக்குப் பார்த்துப் பேசினால்தான் சந்தேகப்பட வேண்டும். இயேசு சொன்ன உவமையில் ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) வானத்தை ஏறெடுத்துப் பார்க்கத் துணியாமல் நின்றானே, அவனும் பக்கத்தில் நின்ற பரிசேயனின் பாவங்களை எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

#6 வடக்குச்சன்னல்

யாரும் சொல்லாத ஒன்று. இந்தச் செபம் நமக்கு முதன்முதலில் தென்படும் இடம் வேதாகமப் படியே இல்லை, ஒரு கைநூல். மூன்றாம் நூற்றாண்டில் சிரியப் பகுதியில் எழுதப்பட்ட 'அப்போஸ்தலர் போதகம்' என்ற சபை ஒழுங்கு நூல். அதைத் தழுவி நான்காம் நூற்றாண்டில் எழுந்த பெரிய தொகுப்பிலும் வருகிறது. யாருக்காக எழுதியது? ஆயர்களுக்காக. பாவம் செய்துவிட்டுத் திரும்பி வருகிறவனை எப்படி நடத்த வேண்டும் என்ற இடத்தில் முழுச் செபத்தையும் எடுத்துவைத்து, இவனையே கடவுள் சேர்த்துக்கொண்டார், நீ யார் தள்ளிவிட என்கிறது.

அந்தக் காலத்துச் சூழலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். திருமுழுக்குக்குப் பிறகு பெரும் பாவம் செய்தவனுக்கு ஒரே ஒரு முறைதான் வாய்ப்பு என்று அடித்துச் சொன்னவர்கள் இருந்தார்கள். 'எர்மாவின் மேய்ப்பர்' என்ற பழைய கிறிஸ்தவ நூல் அப்படித்தான் சொல்கிறது. தெர்த்துல்லியன் என்ற சபை எழுத்தாளர் அந்த ஒரு வாய்ப்பையும் தயங்கித் தயங்கித்தான் தந்தார், பின்னாளில் இன்னும் இறுகிப்போனார். 250இல் உரோமைப் பேரரசன் தேசியு எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டபோது பயந்து பலியிட்ட கிறிஸ்தவர்கள் பிறகு சபை வாசலில் அழுதுகொண்டு நின்றார்கள். அவர்களைச் சேர்க்கக் கூடாது என்று நொவாத்தியன் என்ற உரோமைக் குரு தனிச் சபையே கண்டார். இந்த வாக்குவாதத்தில் மனாசே ஒரு சாட்சி. குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.

அந்த நூலில் கதையும் கொஞ்சம் பெருத்திருக்கிறது. சிறையில் தவிட்டு ரொட்டி, அதுவும் நிறுத்துப் பார்த்து. காடி கலந்த தண்ணீர், அதுவும் அளந்து. உயிர் போகாமல் இருக்க மட்டும். செபித்து முடித்ததும் அவனைச் சுற்றி நெருப்புச் சுடர் தோன்றி, இரும்பு விலங்குகள் கழன்று விழுகின்றன.

#7 ஏட்டுப்புழு

அக்கா, அந்த இரும்பு! நன்றி. 10ஆம் வசனத்தில் "இரும்பு விலங்குகளின் பாரத்தால் வளைந்துபோனேன், தலை தூக்க முடியவில்லை" என்று வருகிறது. நாளாகமத்தில் வெண்கலச் சங்கிலி. உலோகம் எப்படி மாறியது என்று குழம்பிக்கொண்டிருந்தேன். கதை சொல்கிறவர்கள் வாயில் இரும்பாகியிருக்கிறது.

அங்கேயே 11ஆம் வசனத்துக்கான சாவியும் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். 10இல் வளைந்துபோனேன் என்பதற்கு உள்ள கிரேக்கச் சொல், முழங்காலை மடக்குவதற்கு வழக்கமாக வரும் வினையின் நெருங்கிய உறவு. 'முழங்கால் யாவும் முடங்கும்' என்று பிலிப்பியரில் வருமே, அந்த வினை. இங்கே அந்த வேலையை இரும்பு செய்கிறது. உடம்பு ஏற்கெனவே மடங்கிக் கிடக்கிறது, அவன் விரும்பி மடக்கவில்லை. விரும்பி மடக்க அவனிடம் மீதி இருப்பது உள்ளே இருக்கும் முழங்கால் ஒன்றுதான். அடுத்த வரியில் அதைச் செய்கிறான்.

முதல் பகுதியில் கடவுள் கடலுக்கு விலங்கிட்டவர் என்று பாடியதும் இவன்தான், விலங்கோடு கிடப்பவன்.

#8 மெழுகுத்திரி

அப்படியானால் இதயத்தின் முழங்கால் கண்டிப்பாக வேண்டும். அதை எடுத்தால் 10ஆம் வசனம் அந்தரத்தில் நிற்கும்.

#9 வடக்குச்சன்னல்

கூடுதலாக ஒன்று. முதல் நூற்றாண்டின் கடைசியில் உரோமையிலிருந்து கொரிந்து சபைக்குப் போன கிளமெந்துவின் கடிதத்திலும், உங்கள் இதயத்தின் முழங்கால்களை மடக்கி மனந்திரும்புங்கள் என்று ஒரு இடம் வரும் (அதிகாரம் 57). மூப்பர்களை எதிர்த்துக் கலகம் செய்தவர்களுக்குச் சொன்னது. ஆக, இது ஒரு கவிஞரின் தனிச்சொத்து இல்லை. அந்தக் காலத்து விசுவாசிகளின் காதுக்குப் பழகிய சொல்லாக இருந்திருக்கலாம்.

#10 செங்கற்கணக்கன்

நான் மதத்துக்காக வரவில்லை, அசீரியாவுக்காக வந்தேன். மனாசே கற்பனை ஆள் இல்லை. அசீரியப் பேரரசன் எசரத்தோன் தன் அரண்மனைக்கு மரமும் கல்லும் நினிவேக்கு அனுப்பவைத்த 22 அரசர்களின் பட்டியலில் யூதாவின் மனாசே இருக்கிறான். அவன் மகன் அசுர்பானிபாலின் எகிப்துப் படையெடுப்புக் குறிப்பிலும் மனாசே கப்பம் கட்டுகிறவர்களில் ஒருவன். ஆனால் கைது, பாபிலோன், விடுதலை எதுவும் அசீரியக் கல்வெட்டில் இல்லை. அங்கே அவன் அடங்கி ஒடுங்கிப் பணம் கட்டும் சிற்றரசன்.

2 இராஜாக்கள் 21ஐயும் படியுங்கள். அதே மனாசே, அதே 55 ஆண்டு. கைது இல்லை, மனந்திரும்புதலும் இல்லை. செத்தான், தோட்டத்தில் புதைத்தார்கள், முடிந்தது. இத்தனை கெட்டவனுக்கு ஏன் இத்தனை நீண்ட ஆட்சி என்ற கேள்வி நாளாகமம் எழுதியவரை உறுத்தியிருக்கும், அதற்காகவே மனந்திரும்பிய கதையைச் சேர்த்தார் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு.

அதற்காக முழுக் கட்டுக்கதை என்றும் தள்ள முடியாது. எகிப்தின் நேக்கோ என்ற சிற்றரசன் சதி செய்து பிடிபட்டு நினிவேக்குக் கொண்டுபோகப்பட்டான். அசுர்பானிபால் அவனை மன்னித்துப் பட்டாடை போர்த்தித் திருப்பி அனுப்பினான், அசீரியக் குறிப்பே சொல்கிறது. பாபிலோனை ஆண்ட அசுர்பானிபாலின் சொந்த அண்ணன் கி.மு. 652இல் கலகம் செய்தபோது பல சிற்றரசர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். மனாசேயும் அதில் மாட்டியிருக்கலாம் என்று ஒரு ஊகம் உண்டு. ஊகம்தான்.

#11 கறார்க்காரன்

2 இராஜாக்களை எடுத்துவிட்டீர்கள், நல்லது. 24:3, 4ஐயும் படியுங்கள். மனாசே சிந்திய குற்றமற்ற இரத்தத்தைக் கர்த்தர் மன்னிக்கச் சித்தமில்லாதிருந்தார் என்று இருக்கிறது. எரேமியா 15:4இலும், ஜனங்கள் சிதறடிக்கப்படுவதற்கு மனாசேதான் காரணம். இங்கே மன்னிப்பு, அங்கே மன்னிப்பில்லை. இந்தச் செபம் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து அழகுபடுத்திவிட்டது.

#12 பழையமணி

இந்தப் பேச்சில் நுழையலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். நான் பல ஆண்டுகளாகச் சிறைகளுக்குப் போய்க் கைதிகளோடு பேசிவருகிறவன். ஒரு முறை இந்தச் செபத்தைக் கையில் எடுத்துப் போனேன். இதைவிடப் பொருத்தமான இடம் ஏது என்ற நினைப்பு. விலங்கு, இருட்டு, நிறுத்துக் கொடுக்கும் ரொட்டி, எல்லாம் சேர்த்து நன்றாகவே கதை சொன்னேன். அப்புறம் செபத்தை மெதுவாக வாசித்தேன். சிலர் அழுதார்கள்.

ஆயுள் தண்டனையில் இருந்த ஒருவர் மட்டும் அழவில்லை. கடைசியில் அருகில் வந்து கேட்டார்: "ஐயா, அந்தப் பிள்ளைங்க பேச்சே இதுல வரலையே?"

எனக்குப் பதில் வரவில்லை. அதுவரை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், என் கண்ணில் படவே இல்லை. வீட்டுக்கு வந்து திரும்ப ஒரு முறை பார்த்தேன். அருவருப்புகளை ஏற்படுத்தினேன், குற்றங்களைப் பெருக்கினேன், உம் சினத்தைத் தூண்டினேன். அவ்வளவுதான். தீயில் போன பிள்ளைகள் இல்லை. எருசலேமை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிரப்பிய இரத்தமும் இல்லை. எல்லாம் கடவுளுக்கும் அவனுக்கும் நடுவில் நடந்த வழக்கு போலவே இருக்கிறது.

கேட்டவர் எதற்காக உள்ளே இருந்தார் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

#13 மெழுகுத்திரி

ஐயா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

#14 பரண்மேல்பெட்டி

அவர் கேட்டது மனாசேயை மட்டும் குறிக்கும் கேள்வி இல்லை. 51ஆம் சங்கீதத்தை எடுங்கள். "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்கிறான் தாவீது. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனைப் போர்முனையில் நிறுத்திச் சாகடித்துவிட்டு, ஒருவருக்கே விரோதமாக என்றால் என்ன அர்த்தம்? இதற்கு விரிவுரையாளர்கள் நிறையப் பதில் சொல்லியிருக்கிறார்கள். பிறனுக்குச் செய்த தீங்கும் முடிவில் படைத்தவனுக்கே செய்த தீங்கு என்பது ஒன்று. அரசனை விசாரிக்க மேலே வேறு யாரும் இல்லை என்பது இன்னொன்று. உரியாவின் பெயரை அந்தப் பாட்டுக்குள் நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தாவீதுக்கு நாத்தான் வந்தான் என்பதாவது உண்டு. ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி, பாதிக்கப்பட்டவனை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். மனாசேக்கு எந்தத் தீர்க்கதரிசி வந்தான்? ஏசாயாவை அவன்தான் கொன்றான் என்பது யூத மரபு.

#15 வடக்குச்சன்னல்

பழையமணி ஐயா, அந்தக் கேள்வி யூத அறிஞர்களையும் விட்டபாடில்லை. யூதச் சட்ட மரபின் பழைய தொகுப்பான மிஷ்னாவில் ஒரு இடம் (சன்ஹெட்ரின் 10:2): மூன்று அரசர்களுக்கு மறுமையில் பங்கில்லை, யெரொபெயாம், ஆகாப், மனாசே. ரபி யூதா குறுக்கிட்டு, மனாசேக்குப் பங்கு உண்டு, கடவுள் அவன் விண்ணப்பத்தைக் கேட்டு எருசலேமுக்குத் திருப்பினாரே என்கிறார். மற்றவர்கள் விடவில்லை. திருப்பினார்தான், அரசாட்சிக்குத் திருப்பினார், மறுமை வாழ்வுக்கு இல்லை என்றார்கள். கறார்க்காரன் சார், உங்கள் கட்சிக்கு அங்கேயும் ஆள் இருக்கிறது!

மறுபக்கம் எருசலேம் தல்மூதில் (மிஷ்னாவுக்கு ரபிகள் எழுதிய விரிவுரையில்) ஒரு கதை. மனாசே செபிக்க ஆரம்பித்ததும் வானதூதர்கள் ஓடி ஓடி விண்ணின் சன்னல்களையெல்லாம் அடைக்கிறார்கள், அந்தச் செபம் மேலே போய்விடக் கூடாதென்று. ஆலயத்தில் சிலை வைத்தவனுக்கா மனந்திரும்புதல் என்று கடவுளிடமே கேட்கிறார்கள். இவனை ஏற்காவிட்டால் இனி வரும் எல்லாருக்கும் கதவை அடைத்தவனாவேன் என்கிறார் கடவுள். தூதர்களோடு மல்லுக்கு நிற்காமல், தம் அரியணைக்கு அடியில் ஒரு துளை போட்டு, அந்த வழியாக வாங்கிக்கொள்கிறார்.

கதவு திறந்தது என்று சொல்லவில்லை பாருங்கள். கன்னக்கோல் வைத்தது போல ஒரு துளை. தூதர்களின் ஆட்சேபம் தவறு என்றும் கதை சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளுக்காகச் சன்னலை அடைத்தார்கள் என்று நினைத்துக்கொள்வேன் நான். இது என் வாசிப்பு, கதையில் இல்லை.

#16 செங்கற்கணக்கன்

பாபிலோன் தல்மூதின் கதையும் உண்டே. ரவ் ஆஷி என்ற ஆசிரியர் பாடத்தை முடிக்கும்போது, நாளைக்கு நம் சகாக்களைப் பற்றிப் பார்ப்போம் என்று அந்த மூன்று அரசர்களைக் கேலியாகச் சொல்லிவிட்டார். அன்றிரவு கனவில் மனாசே வந்து, நானா உனக்குச் சகா என்று கேட்டு, அப்பத்தை ஆசீர்வதித்தபின் எங்கிருந்து பிட வேண்டும் என்று ஒரு சட்டக் கேள்வியும் கேட்டான். ஆஷிக்குத் தெரியவில்லை, மனாசேக்குத் தெரிந்திருந்தது. இத்தனை படித்தவர் ஏன் சிலைகளைக் கும்பிட்டீர் என்றார் ஆஷி. நீ அந்தக் காலத்தில் இருந்திருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பின்னால் ஓடி வந்திருப்பாய் என்றானாம். (வேட்டி என் சரக்கு, அங்கே அங்கியின் ஓரம்.) மறுநாள் ஆஷி பாடத்தை ஆரம்பித்தபோது, நம் ஆசிரியர்களைப் பற்றிப் பார்ப்போம் என்றார்.

#17 கறார்க்காரன்

கதை நன்றாக இருக்கிறது. என் நிலைப்பாட்டில் மாற்றமில்லை, இருந்தாலும் பழையமணி ஐயா எழுதியதற்குப் பிறகு 8ஆம் வசனத்தைப் பற்றி நான் போட்ட சண்டை கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாகத் தெரிகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். நாளாகமமே மனாசேயைச் சும்மா விடவில்லை. திரும்பி வந்து அந்நிய தேவர்களை அகற்றினான், பலிபீடத்தைச் செப்பனிட்டான், சரி. 33:22இல் அவன் மகன் ஆமோன், தகப்பன் செய்துவைத்த சிலைகளுக்கே பலியிடுகிறான். தகப்பன் எடுத்துப் போட்டானே தவிர உடைத்தொழிக்கவில்லை போலிருக்கிறது. 2 இராஜாக்கள் 23:12இல், ஆலயத்து இரண்டு பிராகாரங்களிலும் மனாசே கட்டிய பலிபீடங்களைப் பேரன் யோசியா வந்துதான் இடிக்கிறான். மனந்திரும்புகிறவனுக்கு மன்னிப்பு கிடைக்கலாம். கட்டிவைத்தது நிற்கிறது. அடுத்த தலைமுறை அதில் ஏறி விழுகிறது.

#18 பழையமணி

இதை ஒத்துக்கொள்கிறேன் பிரதர்.

#19 மெழுகுத்திரி

கொஞ்சம் மொழிப் பக்கம் வரலாமா, மூச்சு முட்டுகிறது. மனந்திரும்புதல் என்ற நம் சொல்லில் 'திரும்புதல்' இருக்கிறது. எபிரேயத்தில் இதற்கான சொல்லும் திரும்பி வருதல்தான். கிரேக்கச் சொல்லோ மனம் மாறுவதைச் சொல்லும். மனமாற்றம் என்று நாங்கள் சொல்வது அதற்குப் பக்கம். இரண்டு சபைத் தமிழுமாகச் சேர்ந்து இரண்டு மூலச் சொற்களையும் பங்கு போட்டுக்கொண்டன, யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள்.

பாட்டி காலத்தில் உத்தம மனஸ்தாப மந்திரம் என்று, செய்த பாவத்துக்கு வருந்தும் செபம் ஒன்று சொல்வோம். இப்போது யாராவது மனஸ்தாபம் என்றால் பங்காளிச் சண்டை என்றுதான் நினைப்பார்கள். அந்தச் சொல்லுக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள்: தன்மேல் வந்த வருத்தம் பிறர்மேல் வந்த வருத்தமாகிவிட்டது.

#20 ஏட்டுப்புழு

எல்லாருக்கும் நன்றி. பழையமணி ஐயாவின் பதிவுக்குப் பிறகு முழுச் செபத்தையும் திரும்ப முதலிலிருந்து பார்த்தேன். இரண்டு இடங்கள் உறுத்தின.

ஒன்று கடைசி வசனம். வானத்துச் சேனைகள் எல்லாம் உம்மைப் பாடுகின்றன என்று முடிகிறது. மனாசே ஆலயத்துப் பிராகாரங்களில் பலிபீடம் கட்டியதே அந்த வானத்துச் சேனைகளுக்குத்தான். தான் கும்பிட்டவற்றையே கூட்டி வந்து பாடகர் வரிசையில் நிறுத்துகிறான். எழுதியவர் தெரிந்தே செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். சிலைகளின் கணக்கை அவன் ஒருவாறு நேர் செய்துவிட்டான். பிள்ளைகளின் கணக்கு அப்படியே நிற்கிறது.

இரண்டாவது 12ஆம் வசனம். "பாவம் செய்தேன் ஆண்டவரே, பாவம் செய்தேன், என் மீறல்களை நான் அறிவேன்." இதை "ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதிவைத்திருந்தேன், கிரேக்கத்தில் இருப்பது "அறிவேன்". இந்தச் சொற்கள் 51ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனத்திலிருந்து வந்தவை. அங்கே வசனம் இதோடு நிற்பதில்லை: "என் மீறுதல்களை நான் அறிந்திருக்கிறேன், என் பாவம் எப்பொழுதும் எனக்கு முன்பாக நிற்கிறது." மனாசேயின் செபம் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டது. அந்தக் கைதி கேட்டது இந்த இரண்டாம் பாதியைத்தானோ?

#21 பழையமணி

அதற்கு அடுத்த முறை போனபோது அவர் என்னிடம் ஒரே ஒரு வரியை எழுதித் தரச் சொன்னார். மன்னியும் என்று வரும் வரியாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் கேட்டது "நான் அறிவேன்" என்று முடியும் இந்த வரி. மீதி வேண்டாம் என்றுவிட்டார். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அது சங்கீதத்தில் பாதி வசனம் என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை. இப்போது வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள், எங்கே என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

#22 பரண்மேல்பெட்டி

ஏட்டுப்புழு, 11க்கு என்னதான் முடிவு?

#23 ஏட்டுப்புழு

"இரும்பு என்னை மடக்கிவிட்டது, தலை தூக்க வழியில்லை. இப்போது உம் பரிவை வேண்டி, என் நெஞ்சின் முழங்காலை நானே மடக்குகிறேன்."

'நானே' மூலத்தில் இல்லை. வைத்துக்கொள்ளலாமா என்று சொல்லுங்கள்.

#24 மெழுகுத்திரி

வையுங்கள். இதயம் நெஞ்சானதும் நல்லதுதான். முழங்காலா முழந்தாளா என்று இன்னொரு இழை திறந்து சண்டை போடுவோம்.

#25 கறார்க்காரன்

மூலத்தில் இல்லாததை வைக்கக் கூடாது. எடுத்துவிடுங்கள்.